‘நான்’ எங்கே முடிகிறது?

கண்களுக்குப் பின்னால் ஒருவர் அமர்ந்து உலகைப் பார்த்துக்கொண்டிருப்பது போலவும், கையையும் காலையும் அவரே ஏவுவது போலவும், பள்ளிக்குப் போன வயதிலிருந்து இன்றுவரை அவர் மாறாமல் நீடிப்பது போலவும் ஓர் உணர்வு ஏறத்தாழ எல்லா மனிதர்களுக்கும் உண்டு. ‘தன்னுணர்வு’ எனப்படும் இதற்கு உரிய இருக்கை எதுவும் மூளைக்குள் இல்லை. ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் பார்ப்பது, கேட்பது, நினைவுகூர்வது, அசைவது என வேலைகளைப் பங்கிட்டுச் செய்கின்றனவே தவிர, அவை அனைத்தும் வந்து கணக்கு ஒப்படைக்கும் தலைமை அறை ஒன்றை நரம்பியலார் கண்டதில்லை. தன்னுணர்வை மாயத்தோற்றம் என்று அவர்களுள் பலர் சொல்வது இந்தப் பொருளில்தான். கானல்நீர் என்ற காட்சி சூடேறிய காற்றில் ஒளி வளைவதால் உண்மையாகவே தோன்றுகிறது. அங்கே தண்ணீர் இருக்கிறது என்று கொள்ளும் முடிவு மட்டுமே பொய். ‘நான்’ என்ற உணர்வும் அப்படியே உண்மையாக எழுகிறது. அதன் அடியில் பகுக்க முடியாத, நிலையான, பிறரிடமிருந்து முற்றாகப் பிரிந்த பொருள் ஒன்று இருக்கிறது என்ற முடிவுக்குத்தான் சான்று கிடைப்பதில்லை.

‘நான்’, ‘பிறர்’ என்ற எல்லையை மூளையே கணித்து வரைகிறது என்றால், அந்தக் கோடு எப்போது நகர்கிறது, எதனால் நகர்கிறது என்ற கேள்வி உடனே எழுகிறது. இரக்கம் என்பது அறநூல்களின் பொருளாக மட்டும் இருந்தது போய், நரம்பியலின் பொருளாகவும் ஆனது இந்தக் கேள்வியால்தான். கடலூர் மாவட்டத்தில் ஸ்ரீமுஷ்ணம், வடலூர், கிள்ளை ஆகிய மூன்று ஊர்களை இணைத்தால் கிடைக்கும் சிறிய நிலப்பரப்பு இதே கேள்வியைத் தத்துவமாகவும் சோறாகவும் திருவிழாவாகவும் நெடுங்காலமாகக் கையாண்டு வந்திருக்கிறது. ஆய்வுக்கூடங்கள் அண்மையில் கண்டறிந்தவற்றை அதன் அருகே வைத்துப் பார்க்கும்போது இரண்டுமே தெளிவாகின்றன.

உடலின் எல்லை எவ்வளவு நெகிழ்வானது என்பதைக் காட்டிய சோதனைகளுள் மிக எளிமையானதை 1998-ஆம் ஆண்டில் மேத்யூ பாட்வினிக், ஜொனாதன் கோஹன் ஆகிய இருவரும் வெளியிட்டனர். ஒருவர் தம் இடக்கையை மேசைமேல் வைத்து அமர்கிறார். அவர் பார்வைக்கு அது படாதபடி ஒரு தடுப்பு வைக்கப்படுகிறது. கண்ணெதிரே ரப்பரால் செய்த கை ஒன்று கிடத்தப்படுகிறது. மறைந்திருக்கும் கையையும் ரப்பர் கையையும் ஆய்வாளர் இரு சிறு தூரிகைகளால் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே திசையில் வருடிக்கொண்டே இருக்கிறார். சற்று நேரத்தில் வருடல் ரப்பர் கையில்தான் நிகழ்கிறது என்றும், அந்தக் கை தம்முடையதே என்றும் பெரும்பாலானோர் உணரத் தொடங்குகின்றனர். கண்ணை மூடிக்கொண்டு இடக்கை எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னால் ரப்பர் கை இருக்கும் பக்கமாகத் தள்ளிக் காட்டுகின்றனர். வருடல்களின் நேரத்தை மாற்றி முன்னும் பின்னுமாகச் செய்தாலோ இந்த உணர்வு பெரிதும் குன்றிவிடுகிறது. கண் சொல்வதும் தோல் சொல்வதும் ஒன்றாக இருந்தால் ‘இது என்னுடையது’ என்று மூளை முடிவுகட்டுகிறது. ‘என் உடல்’ என்பது பிறவியிலேயே எழுதி வைத்த பத்திரம் ஆகாது என்பதும், வந்துசேரும் செய்திகளைக் கொண்டு ஓயாமல் புதுப்பிக்கப்படும் ஊகமே அது என்பதும் இதனால் விளங்குகின்றன.

இந்த ஊகம் இன்னொரு மனிதரின் உடல்வரை நீளக்கூடும் என்பதைக் காட்டியவர் தமிழ்நாட்டில் 1951-இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் கலிபோர்னியாவில் ஆய்வு நடத்திய வி.எஸ். ராமச்சந்திரன். விபத்திலோ நோயிலோ கையை இழந்தவர்களுள் பலருக்கு அந்தக் கை இன்னும் இருப்பது போன்ற உணர்வும், சிலருக்கு அதில் தாங்க முடியாத வலியும் தொடர்வதுண்டு; இல்லாத அந்தக் கையை மருத்துவம் மாய உறுப்பு என்கிறது. ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தி, எஞ்சியிருக்கும் கையின் பிம்பத்தை இழந்த கையின் இடத்தில் தெரியச்செய்து, சிலரது வலியை அவர் தணித்தது உலகறிந்த செய்தி. அதைவிட வியப்பான செய்தி 2009-ஆம் ஆண்டில் டேவிட் பிராங் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. கையை இழந்த ஒருவர், எதிரே அமர்ந்திருக்கும் வேறொருவரின் கை தடவப்படுவதைப் பார்க்கும்போது, அந்தத் தொடுகையைத் தம் மாயக் கையில் உணர்கிறார்.

பிறர் தொடப்படுவதைப் பார்க்கும்போது பார்ப்பவரின் மூளையிலும் தொடுகைக்கு உரிய பகுதிகள் ஓரளவு இயங்குகின்றன. ஆயினும் கை உள்ளவருக்கு அந்தத் தொடுகை உணர்வாக எழுவதில்லை. அவருடைய சொந்தத் தோலிலிருந்து ‘இங்கே எதுவும் படவில்லை’ என்ற செய்தி இடைவிடாமல் வந்து அதை மறுத்துவிடுகிறது என்பது ராமச்சந்திரன் தரும் விளக்கம். கையை இழந்தவருக்கு அந்த மறுப்பு வருவதில்லை. ஆகவே பிறர் பெற்ற தொடுகை தடையின்றி உள்ளே வந்துவிடுகிறது. இந்தச் செயல்பாட்டுக்குக் காரணமென அவர் கருதும் நரம்பணுக்கள் ‘கண்ணாடி நரம்பணுக்கள்’ எனப்படுகின்றன. தான் ஒரு செயலைச் செய்யும்போதும் பிறர் அதையே செய்வதைப் பார்க்கும்போதும் இயங்கும் இவற்றை இத்தாலியின் பார்மா நகரில் ஜியாகோமோ ரிசொலாட்டியின் குழுவினர் 1990-களில் குரங்குகளின் மூளையில் கண்டனர். தனக்கும் பிறருக்கும் இடையிலுள்ள தடையைக் கரைப்பவை என்பதால் ராமச்சந்திரன் இவற்றுக்குக் காந்தி நரம்பணுக்கள் என்றே பெயர் சூட்டினார். மனித நாகரிகத்தையே இவற்றின் தோளில் ஏற்றிய அவருடைய பெரிய கூற்றுகளைப் பிற நரம்பியலார் கடுமையாக மறுத்துள்ளனர். அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. அந்தக் கூற்றுகளை விலக்கிவிட்டாலும் பிறர் கையின் தொடுகையை மாயக் கை உணர்ந்தது என்ற பதிவு அப்படியே நிற்கிறது.

உடலுக்கு அப்பால், ‘என் கதை’ என்று ஒவ்வொருவரும் மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருக்கும் தொடர்ச்சியும் தன்னுணர்வின் ஒரு பகுதி. புறவேலை எதிலும் ஈடுபடாமல் ஒருவர் சும்மா இருக்கும்போது மூளையின் நடுக்கோட்டுப் பகுதிகள் சில ஒன்றுசேர்ந்து கூடுதலாக இயங்குவதை மார்க்கஸ் ரைக்கிள் 2001-இல் விளக்கினார். ‘இயல்புநிலை வலையமைப்பு’ எனப்படும் இப்பகுதிகளில்தான் நேற்று பட்ட அவமானமும் நாளைய கவலையும் ‘எனக்கு’ என்ற தலைப்பின்கீழ் திரும்பத் திரும்பப் புரட்டப்படுகின்றன. நடுக்கோட்டின் முன்பகுதி தன்னைப் பற்றி எண்ணும்போது இயங்குவது பல ஆய்வுகளில் தெளிவானது. சீன மாணவர்களையும் மேற்கத்தியரையும் ஒப்பிட்டு 2007-இல் வெளியான ஆய்வொன்றில், சீனர்களுக்குத் தாயைப் பற்றி எண்ணும்போதும் அதே இடம் இயங்கியது. மேற்கத்தியரிடம் அப்படி நிகழவில்லை. ‘நான்’ என்ற கணக்கில் யார் யாரைச் சேர்ப்பது என்பதை வளர்ப்பும் பண்பாடும் தீர்மானிக்கின்றன என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

தமிழ் மரபு இந்தக் கணக்கை இரண்டு வழிகளில் ஆராய்ந்தது. ஒன்று உள்நோக்கிய விசாரணை. தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த் துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை 1902-இல் திருவண்ணாமலை விருபாக்ஷ குகையில் ரமணரைக் கண்டு கேட்ட கேள்விகளும், பேசாதிருந்த ரமணர் எழுதிக்காட்டிய விடைகளும் ‘நான் யார்?’ என்ற சிறுநூலாயின. இன்னொரு வழி வெளிநோக்கியது: பிறர் பசியை ஆற்றுவதன் வாயிலாகத் தன் எல்லையைக் கடப்பது. இவ்விரண்டையும் ஒரே நூலுக்குள் வைத்த பெருமை சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலைக்கு உண்டு. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை ஏந்திப் பூம்புகாரின் பசித்தோருக்குச் சோறிட்டவளும், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கச் செய்தவளும் ஆகிய அதே மணிமேகலை, காப்பியத்தின் இறுதியில் காஞ்சியில் அறவண அடிகளிடம் பௌத்த மெய்யியலைக் கேட்கிறாள். உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்து தொகுதிகளின் சேர்க்கையே ஆள் என்பதும், ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் சங்கிலியே வாழ்க்கை என்பதும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. சோறு முதலில் வந்ததும் தத்துவம் பின்னால் வந்ததும் தற்செயல் என்று கொள்ள முடியவில்லை.

ஸ்ரீமுஷ்ணத்திற்கு வடகிழக்கே உள்ள வடலூரில் இராமலிங்க வள்ளலார் செய்ததும் இதே வரிசையில்தான். 1823-இல் அருகிலுள்ள மருதூரில் பிறந்த அவர், 1867 மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, சமயம், ஊர் எதையும் கேட்காமல் வருவோர் அனைவருக்கும் உணவிடும் அந்த இடத்தில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்துவருகிறது. பக்தர்கள் இதைப் புனிதமாகப் போற்றுகின்றனர். அவர் எழுதிய ‘ஜீவகாருணிய ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலோ போற்றுதலோடு நிற்காமல் ஊன்றிப் படிக்கத் தக்க வாதங்களால் ஆனது. ஜீவகாருணியம் என்பது உயிர்கள்மீது உயிர்கள் கொள்ளும் உருக்கம். அது ஏன் எழுகிறது என்ற கேள்விக்கு, உயிர்கள் யாவும் ஒரே இயல்புடைய உடன்பிறப்புகள் என்பதால் ஒன்று துன்புறக் கண்டால் மற்றொன்றுக்கு உரிமையாலேயே உருக்கம் பிறக்கிறது என்று விடை தருகிறார். அப்படியானால் கல்நெஞ்சர் ஏன் இருக்கின்றனர்? இந்த எதிர்வாதத்தை அவரே எழுப்பிக்கொண்டு, அறிவாகிய கண் அறியாமையால் ஒளி மழுங்கியதும், அந்தக் கண்ணுக்குத் துணையாக அமைந்த மனம் முதலிய மூக்குக்கண்ணாடிகள் ஒளி ஊடுருவாதபடி தடித்துப்போனதுமே காரணம் என்கிறார். கல்நெஞ்சம் அவர் கணக்கில் குணக்கேடு என்பதைக் காட்டிலும் பார்வைக் குறைபாடு. ராமச்சந்திரனின் விளக்கத்திலும் இதே அமைப்பு இருப்பது கவனிக்கத்தக்கது: இணைப்பு முன்னரே இருக்கிறது, இடையில் நிற்கும் ஒன்று அதைத் தடுக்கிறது.

பசியை வள்ளலார் விவரிக்கும் பகுதி ஒரு மருத்துவரின் குறிப்பேட்டைப் போல நுணுக்கமானது. கண் குழிவதையும் காது அடைப்பதையும் நா உலர்வதையும் உறுப்பு உறுப்பாகச் சொல்லிச் செல்லும் அவர், அதற்கு முன்பே அந்தக்கரணங்கள் நிலைகுலைவதைச் சொல்லிவிடுகிறார். மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்ற நான்கு உட்கருவிகளுக்கும் அந்தக்கரணங்கள் என்று பெயர். நினைப்பது, முடிவெடுப்பது, ஆழ்ந்து எண்ணுவது, ‘நான்’ என்று உரிமை கொண்டாடுவது ஆகியன முறையே அவற்றின் வேலைகள். கடும் பசியில் மனம் சிதறுகிறது, புத்தி கெடுகிறது, சித்தம் கலங்குகிறது, அகங்காரமும் அழிகிறது என்று அவர் வரிசைப்படுத்தும்போது, ‘நான்’ என்பது உணவைச் சார்ந்து நிற்கும் ஒரு கட்டமைப்பு என்பதை அவர் கண்டிருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். பட்டினியில் இருப்பவருக்கு இடும் ஒரு கவளம், கலைந்துபோன அந்த ஆளைத் திரும்பச் சேர்த்துக் கட்டுகிறது. பௌத்தத்தைப் போல ஆன்மாவை மறுத்தவர் அல்லர் வள்ளலார். உயிர்களைப் பிரித்துக் காட்டும் திரையையே அவர் பொய் என்றார். 1872 ஜனவரியில் தைப்பூசத்தன்று திறக்கப்பட்ட சத்திய ஞானசபையில் ஒளிக்கு முன்னால் ஏழு நிறத் திரைகளைத் தொங்கவிட்டு, அவை ஒவ்வொன்றாக விலகுவதையே வழிபாடாக்கினார்.

பிறர் துன்பத்தைக் கண்டு உருகுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதை அறிவியல் அண்மையில்தான் பிரித்தறிந்தது. டானியா சிங்கர் தம்பதியரைக் கொண்டு நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், தன் கையில் மின்னதிர்ச்சி தரப்படும்போதும் கணவரின் கையில் தரப்படப்போகிறது என்ற அறிகுறி திரையில் தெரியும்போதும் பெண்களின் மூளையில் முன் இன்சுலா, முன் சிங்குலேட் என்னும் இரு பகுதிகளும் இயங்கின. வலி எங்கே, எவ்வளவு என்பதைக் கணிக்கும் பகுதிகள் தன் வலிக்கு மட்டுமே இயங்கின. வலியின் வேதனையை ஏற்கும் பகுதிகள் இருவர் வலிக்கும் பொதுவாக இயங்கின. பின்னர் ஓல்கா கிளிமெக்கியுடன் சேர்ந்து செய்த ஆய்வுகளில், பிறர் வேதனையை அப்படியே உள்வாங்கும் பயிற்சி மட்டும் பெற்றவர்கள் மனம் சோர்ந்து போனதும், அதன்பின் அவர்களுக்கே கருணைப் பயிற்சி, அதாவது துன்புறுபவர் நலம்பெற வேண்டுமென்ற விருப்பத்தை வளர்க்கும் பயிற்சி, தரப்பட்டபோது சோர்வு தணிந்து, மூளையில் மகிழ்ச்சியோடும் உறவோடும் தொடர்புடைய வேறு பகுதிகள் இயங்கியதும் தெரியவந்தன. செவிலியரும் மருத்துவரும் களைத்துப்போவதற்குக் கருணை மிகுதி காரணம் என்று வழங்கிவந்த கருத்து இதனால் ஆட்டம் கண்டது. களைப்பைத் தருவது கருணையாக மாறாத உருக்கமே. பயிர் வாடக் கண்டே வாடிய வள்ளலார் உருக்கத்திலேயே அமிழ்ந்துபோகாமல் அடுப்பு மூட்டினார் என்பதன் அருமை இங்கே புலப்படுகிறது.

தனிமனிதரின் ‘நான்’ இப்படி நெகிழக்கூடும் என்றாலும், குழுவின் ‘நாம்’ அவ்வளவு எளிதில் நெகிழ்வதில்லை. சொல்லப்போனால் தனி எல்லை கரையும்போது குழுவின் எல்லை இன்னும் கெட்டிப்படுவதே வழக்கம். சூரிக்கில் கால்பந்து இரசிகர்களிடம் நடத்திய ஆய்வொன்று 2010-இல் வெளியானது. தம் அணியின் இரசிகர் வலிபடும்போது எழும் இன்சுலாவின் இயக்கம், எதிரணியின் இரசிகர் வலிபடும்போது குன்றியது. கால்பந்துக்கே இப்படியென்றால் சாதியும் சமயமும் என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஸ்ரீமுஷ்ணத்தின் மாசிமகத் திருவிழா முக்கியமாவது இந்த இடத்தில்தான்.

விருத்தாசலத்துக்குத் தெற்கே உள்ள ஸ்ரீமுஷ்ணம் பூவராகசுவாமி கோயில், தானாகத் தோன்றியதாக வைணவர்கள் போற்றும் எட்டுத் தலங்களுள் ஒன்று. மூலவர் உடல் மேற்கு நோக்கி நிற்க, முகம் தெற்கே திரும்பியிருக்கும். மாசி மாதத்தில் உற்சவர் ஊரைவிட்டுப் புறப்பட்டு, வழியிலுள்ள ஊர்களில் தங்கித் தங்கி, கிழக்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளைக் கடற்கரையில் தீர்த்தவாரி காண்கிறார். கிள்ளையில் தைக்கால் என்னும் இடத்தை அடையும்போது அங்குள்ள ரஹ்மத்துல்லா ஷுத்தாரி தர்காவைச் சேர்ந்த இசுலாமியர் மாலையும் பட்டும் கொண்டுவந்து பெருமாளை வரவேற்கின்றனர். கோயில் தரப்பிலிருந்து மரியாதையாகச் செல்லும் மாலை தர்காவில் சேர்க்கப்பட்டுப் பாத்தியா ஓதப்படுகிறது. முற்காலத்தில் நோயுற்றிருந்த இசுலாமியத் தலைவர் ஒருவர் இந்தப் பெருமாளின் தீர்த்தத்தால் குணமடைந்து நிலம் வழங்கினார் என்பது வட்டாரத்தில் வழங்கும் செவிவழிச் செய்தி. அதை வரலாறாக நிறுவ வேண்டிய கட்டாயம் இல்லை. மக்கள் தங்கள் உறவுக்கு எதைத் தொடக்கமாக நினைவில் வைத்திருக்கின்றனர் என்பதே கவனத்துக்குரியது. தொடக்கம் ஓர் உடன்படிக்கையில் இல்லை, மற்றவரிடமிருந்து பெற்ற நலத்தில் இருக்கிறது.

பெறுதல் என்பதன் ஆற்றலை 2016-இல் சூரிக் பல்கலைக்கழகத்தில் கிரிட் ஹைன் தலைமையில் நடந்த ஆய்வு வெளிப்படுத்தியது. வலி தரும் மின்னதிர்ச்சியிலிருந்து தம்மைக் காப்பாற்ற வேற்றுக் குழுவினர் ஒருவர் தம் காசைச் செலவிட்டு உதவியதாக அறிந்தவர்களுக்கு, அதுவரை அந்தக் குழுவினரின் வலியைக் கண்டபோது மந்தமாக இருந்த மூளையின் இயக்கம், ஒருசில உதவிகளுக்குள்ளாகவே உயர்ந்தது. உதவிய அந்த ஒருவரோடு இது நிற்கவில்லை. அவருடைய குழுவைச் சேர்ந்த, முன்பின் தெரியாத பிறர்மீதும் பரவியது. எதிர்பார்ப்புக்கும் நிகழ்ந்ததற்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு மூளை கற்கும் வழக்கமான முறைதான் இங்கும் வேலை செய்தது. ‘இவர்கள் உதவமாட்டார்கள்’ என்ற எதிர்பார்ப்பு பொய்த்துப்போகும் ஒவ்வொரு முறையும் கணக்கு திருத்தி எழுதப்படுகிறது.

கொடுப்பவர் உயர்ந்தவர், வாங்குபவர் தாழ்ந்தவர் என்ற ஏற்பாட்டில் இந்தத் திருத்தம் ஒரு பக்கமாகவே நிகழும். கிள்ளையிலோ தர்காவின் பட்டைக் கோயில் பெறுகிறது, கோயிலின் மாலையைத் தர்கா பெறுகிறது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இதே கரையைத் தாக்கியபோது, அருகிலுள்ள பரங்கிப்பேட்டையின் ஜமாஅத் மீனவக் குடும்பங்களுக்கு உணவும் தங்குமிடமும் தந்து தாங்கியது. அந்தக் குடும்பங்களுள் மிகப் பெரும்பாலானவை இந்துக் குடும்பங்கள். திருவிழாவால்தான் அது நிகழ்ந்தது என்று சொல்லிவிட முடியாது. பசித்தவரிடம் யார் என்று கேட்காத பழக்கம் அந்தக் கரையில் பல வேர்களைக் கொண்டது. திருவிழா இருப்பதால் அந்த ஊர்களில் வேறு பூசல்களே இல்லை என்பதும் மிகையாகும். சாதி எல்லைகள் இந்த மாவட்டத்தில் எவ்வளவு கொடுமையாகக் காக்கப்பட்டுள்ளன என்பதை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். வேற்றுக் குழுவின் கையால் நன்மை பெறுவது ஓர் எல்லையில் வழக்கமாகியிருக்கிறது, மற்ற எல்லைகளில் அது இன்னும் நிகழவில்லை.

எதிர்பாராமல் வரும் உதவிதான் மூளையை மாற்றுகிறது என்றால், ஆண்டுதோறும் அதே நாளில் அதே இடத்தில் நடக்கும் வரவேற்பில் எதிர்பாராதது என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெரியவர்களுக்கு ஒன்றும் இல்லை. அவர்களுடைய கணக்கு முன்னரே திருத்தப்பட்டுவிட்டது, திருவிழா அதைத் தேய்ந்துபோகாமல் காக்கிறது. ஆனால் பெருமாள் தைக்காலில் நிற்பதை முதன்முறையாகப் பார்க்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கூட்டத்தில் இருக்கின்றனர். கோயிலும் தர்காவும் வெவ்வேறு என்று அதற்குள் வேறெங்கோ கேட்டு வந்திருக்கும் பிள்ளைக்கு, தொப்பி அணிந்த பெரியவர் பட்டை நீட்ட அர்ச்சகர் அதை வாங்கிச் சாத்துவது எதிர்பார்ப்புக்கு மாறான செய்தியாகவே போய்ச் சேரும்.